ஜூடித்தின் வீட்டு வழியாகப் போகும் டிராம்

மைசூரின் டிராம் பாதையை யாரும் போடவில்லை. 2017 ஜூன் மாதம், இரண்டு நாள் மழைக்குப் பிறகு, அது அக்ரஹாரத்தில் தானாக முளைத்தது. முதல் வாரம் விரல் உயரம்தான் இருந்ததால் எல்லோரும் ஏதோ குடிநீர்க் குழாய் என்று நினைத்து ஸ்கூட்டரை ஒதுக்கி ஓட்டினார்கள். ஜூலையில் நாளுக்கு நான்கடி நீண்டது. ஆகஸ்டில் நர்ஸ் ஜூடித்தின் வீட்டு வாசற்படி ஏறி, கூடத்தைக் கடந்து, சமையலறை வழியாகக் கொல்லையில் இறங்கி, ரயில் நிலையத்தைப் பார்த்துப் போனது. கூடத்தில் அவள் அப்பா ஏசுதாஸின் கட்டில் கிடந்தது. பக்கவாதம் வந்து நான்கு வருடமாக அவர் வாசலைத் தாண்டியதில்லை. தண்டவாளங்கள் அவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போயின.

நகரத்தில் டிராம் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருந்தது. டிராம்தான் இருந்ததில்லை. நூற்று நான்கு வருடங்களுக்கு முன்னால் யாரோ டிராம் விடுவதென்று முடிவெடுத்து, விடாமலே செத்துப்போனார். முடிவை ரத்து செய்ய ஒருவருக்கும் தோன்றாததால் அலுவலகம் மட்டும் தழைத்தது. பதினோரு பேர் அங்கே வேலை பார்த்தார்கள், அதாவது வந்து போனார்கள். வருடம் ஒருமுறை மர டிராம் பொம்மைக்கு மாலை போட்டு, தாமதத்தின் காரணத்தை ஆராயக் கமிட்டி அமைப்பார்கள். தலைவர் நரசிம்மமூர்த்தியின் குடும்பம் மேல்கோட்டையிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசு நாற்காலிகளைச் சூடாக வைத்திருந்தது. டிராம் வந்துவிடாமல் அவரளவுக்குக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் அந்த நாற்காலியில் முன்பு இருந்ததில்லை.

ஜூடித் மனு கொண்டுபோனபோது அவர் படிக்கக்கூட இல்லை. “ஃபைல்ல இல்லாத தண்டவாளம் உங்காத்துல எப்படிம்மா இருக்கும்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ” என்றார். பிறகு வந்து பார்த்த நிபுணர் குழு அதை இரும்பை ஒத்த கொடி என்று முடிவு செய்து, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு டிராம் வந்தது. ஓட்டுநர் இல்லை. வாசல் மூன்றடி அகலம், டிராம் ஏழடி. வாசலும் அகலமாகவில்லை, டிராமும் சிறுக்கவில்லை, உள்ளே வந்துவிட்டது. கட்டிலருகே நின்று காத்திருந்தது. ஜூடித் பதறிக் கட்டிலை ஓரமாக இழுத்தாள். தெருவில் இருந்த ஏழெட்டுப் பேர் செருப்பை வாசலில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்து ஏறினார்கள். ஒரு மாதத்தில் பாதி ஊர் அதில்தான் போனது.

கொடி என்று எழுதியவர்களே அடுத்து அதைத் தங்கள் நூற்றாண்டுச் சாதனை என்று பேனர் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு இருபத்திரண்டு அதிகாரிகள் சால்வையோடு ஏறி உட்கார்ந்தார்கள். டிராம் நகரவில்லை. காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை ஜூடித்தின் கூடத்தில் உட்கார்ந்து, அவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்து, அவள் வீட்டுக் கக்கூஸை உபயோகித்தார்கள். கடைசி அதிகாரி இறங்கிய நிமிடமே டிராம் கிளம்பியது. கமிட்டி கூடி, கோளாறு வீட்டில்தான் என்று கண்டுபிடித்தது. பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

“பாதைதானே சார் என் வீட்டுக்குள்ள வந்துச்சு? நான் பாதைகிட்ட போகலியே” என்றாள் ஜூடித்.

“பாதை நூத்தி நாலு வருஷம் பழசு. உங்காம் அறுபதுதான். யார் ஆக்கிரமிப்புன்னு நீங்களே சொல்லுங்கோ” என்றார் நரசிம்மமூர்த்தி. கணக்கு சரியாக வந்ததில் அவர் முகத்தில் ஒரு திருப்தி.

பதினாறாம் நாள் காலை ஜேசிபி வந்தது. ஜூடித் நோயாளிகளைத் தூக்கிப் பழகியவள். ஆனால் அன்று அப்பாவின் தோளுக்கடியில் கை கொடுத்ததோடு நின்றுவிட்டாள். எங்கே கொண்டுபோவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏசுதாஸ் அவள் கையைத் தள்ளினார். “நான் எங்கயும் வரல்லம்மா. அவங்க இடிச்சா இடிக்கட்டும்” என்றார். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் டிராம் வந்தது, நின்றது, ஆட்களை ஏற்றியது, கிளம்பியது. வீடும் கூடவே கிளம்பியது. சுவர், கூரை, ஏசு படம், குக்கர், கொல்லையின் துளசிச் செடி எல்லாம் டிராமின் பின்னால் ஒரு பெட்டியாகக் கோர்த்துக்கொண்டு, ஒரு ஓடுகூட விழாமல் ரயில் நிலையத்தின் பக்கம் திரும்பின. ஜேசிபி வெறும் மண்ணை இரண்டு மணிநேரம் இடித்தது. ஆக்கிரமிப்பு முழுமையாக அகற்றப்பட்டது என்று நரசிம்மமூர்த்தி எழுதி, பாராட்டுப் பத்திரம் வாங்கி, ஓய்வு பெற்றார்.

இப்போது அந்த வீடு நாளுக்கு ஆறு முறை ஊரைச் சுற்றுகிறது. தபால்காரர் மஞ்சுநாத் மார்க்கெட் முனையில் நின்று, வீடு வந்ததும் ஜன்னலில் கடிதம் நீட்டுகிறார். ஜூடித் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, டியூட்டி முடிந்ததும் அங்கேயே ஏறி வீட்டுக்குள் போகிறாள். முதல் சுற்றன்று அவள் அப்பாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஏசுதாஸ் அரண்மனையையும் புது மேம்பாலத்தையும் பேனர்களில் சிரிக்கும் முகங்களையும் வரிசையாகப் பார்த்தார்.

“அதே ஆளுங்கதான்” என்றார். “வெயில் அடிக்குது, திரையப் போடு.”