நான்காவது விடை

சங்கீதாவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. செவிலிமேட்டு வீட்டின் முன்னறையில் லேப்டாப்பைத் திறப்பதும், எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தாள்.

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கேள்விகள் எழுதுவது அவள் வேலை. சென்னையிலிருந்த ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே செய்தாள். இப்போது ஏழாம் வகுப்புக்கு அந்த நாட்டு அரசியல் சாசனம். சட்டம் இயற்றுவது ஒருவர், நடத்துவது ஒருவர், தீர்ப்புச் சொல்வது ஒருவர்; ஒருவர் கை ஓங்கினால் மற்ற இருவர் பிடித்து நிறுத்தலாம்; ஜனாதிபதியும் சட்டத்துக்குக் கீழேதான். எட்டு மாதமாகத் திருப்பித் திருப்பி எழுதியதில் எல்லாம் மனப்பாடம்.

முந்தின வாரம் ஒரு கேள்வி எழுதியிருந்தாள். ஒரு குடிமகன் தப்பு செய்தான் என்று ஜனாதிபதி நினைக்கிறார். தண்டனையை அவரே முடிவு செய்யலாமா? நான்காவது விடையாக, 'ஜனாதிபதி நல்லவராக இருந்தால் செய்யலாம்' என்று ஒப்புக்குப் போட்டிருந்தாள். சோதித்துப் பார்த்ததில் பாதிப் பிள்ளைகள் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேலாளர் காயத்ரி போன் செய்து, அது ஏன் தப்பு என்று பன்னிரண்டு வயசுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி எழுதித் தரச் சொன்னாள்.

மூன்று நாளாக அந்த இரண்டு வரி வரவில்லை.

காரணம் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது: நெசவாளர் சங்கத்தின் தீர்மானப் புத்தகம். அவள் கணவன் கதிர்வேல் சங்கத் தலைவர். பெண்களுக்கான இடத்தில் சங்கீதாவும் நிர்வாகக் குழுவில் இருந்தாள். இருந்தாள் என்றால், அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை அப்பாதுரை என்ற நெசவாளரைச் சங்கத்திலிருந்து நீக்கத் தீர்மானம். நெய்யக் கொடுத்த ஜரிகையை அவர் வெளியே விற்றதாகக் குற்றச்சாட்டு. ஜரிகைக் கடை வாசலில் அவரைப் பொட்டலத்தோடு பார்த்தது கதிர்வேல். புகார் எழுதியது கதிர்வேல். விசாரித்ததாக எழுதியதும், நீக்கலாம் என்று முடித்ததும் அவனேதான். அப்பாதுரையை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

கதிர்வேல் கெட்டவன் இல்லை. அதுதான் அவளைப் போட்டுக் குடைந்தது. மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் நின்ற வீடு ஒவ்வொன்றுக்கும் வாளியோடு ஓடியவன் அவன்.

பத்து மணிக்கு அவன் பேனாவை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அவர ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"என் கண்ணால பாத்தேன். இன்னும் இன்னா கேக்கணும்? என்மேல நம்பிக்க இல்லியா?"

"இருக்குது. எல்லாரும் அந்த நம்பிக்கையிலதான் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக்கினு இருக்கோம். நீங்க நல்லவருங்கறதுக்காகத் தீர்ப்பையும் நீங்களே சொல்லிட்டா, அப்புறம் உங்கள யார் கேக்குறது?"

அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டுவதற்குள் அவள் அவனிடம் கேட்டதையே அந்த இரண்டு வரியாகத் தட்டி முடித்திருந்தாள். காயத்ரி ஒரு எழுத்தும் மாற்றாமல் வாங்கிக்கொண்டாள். 

நாலு நாளில் அவள் கையெழுத்து இல்லாததைப் பார்த்து குழுவில் இன்னும் இரண்டு பேர் தங்கள் கையெழுத்தை அடித்துவிட்டார்கள். தீர்மானத்துக்குக் கையெழுத்து போதாமல் ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. புகார் சொன்னவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று சங்கீதாதான் எழுந்து சொன்னாள். சொல்லும்போது கணவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. மூத்த உறுப்பினர் திருஞானசம்பந்தம் கூட்டத்தை நடத்தினார்.

அன்று கொண்டுபோனது மனைவியின் கிழிந்த பட்டுப்புடவைகளில் உருவிய பழைய ஜரிகை என்று அப்பாதுரை கடைக்காரரின் ரசீதைக் காட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே, போன வருஷம் ஒரு தடவை சங்கத்து ஜரிகையில் கொஞ்சம் விற்றது உண்மை என்றும் சொன்னார். நீக்க வேண்டாம், மூன்று மாதம் அவருக்கு நெய்யப் பாவு நூலும் ஜரிகையும் கொடுப்பதில்லை என்று முடிவானது. அதில் சங்கீதா கையெழுத்துப் போட்டாள். வாசலில் அப்பாதுரையின் மனைவி காமாட்சியம்மாள் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தாள். மூன்று மாதம் தறி ஓடாத வீடு.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கதிர்வேல் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

"அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுக்கூடப் பாக்கல நான்," என்றான். "அவர அங்க பாத்ததும் திருட்டுன்னு தோணிச்சு. அவ்ளோதான்."

சங்கீதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கேட் திறந்துவிட்டது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள்.