அரிசி மூட்டைக்குப் பின்னால் சனாக்

2012 மார்ச் பதினான்காம் தேதி காலை ஒன்பதரைக்கு, தடதடவென்று ஏதோ சரியும் ஓசை கேட்டுக் கோசலை கல்லாவை விட்டு எழுந்தபோது, அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து முப்பத்தொரு ஆடுகள் வந்தன. ஆடுகளோடு ஆப்பிரிக்கக் கொம்பின் வடகரையிலிருக்கும் சனாக் மாகாணமும், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலிலிருந்த அவள் பலசரக்குக் கடைக்குள் வந்து சேர்ந்திருந்தது. மீன் பெட்டிக்குள் கடல். பருப்புத் தட்டுகளுக்கு நடுவே, கூரையைத் தொடாமல் சற்றுக் குனிந்தபடி, குந்திரிக்க மலை. அப்பால் வெட்டவெளி.

யாருக்காக வந்தது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கடையில் மூட்டை இறக்கும் அப்தி அந்த மாகாணத்து இடையன். அங்குள்ள கிணறுகளெல்லாம் அவனுக்குத் தெரியும். அவை எந்தெந்த மாவட்டத்தில் இருக்கின்றன என்பது தெரியாது. அதனாலேயே அவனுடைய அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு ஆறு கிழமைதான் இருந்தது. அதிலும் தோற்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். கோசலை தினமும் மாவட்டங்களை அவனுக்குப் பாடமாக்கிப் பார்த்தாள்; ஆடுகள் வருவதற்கு முதல் நாளும்தான்.

“எரிகாபோ, பதான், லஸ்கோரே, எல் அப்வெய்ன். என்ன தம்பி, இந்த நாலு பேரும் வாயிலை நிக்குதில்லையே? முப்பத்தொரு ஆட்டுக்குப் பேர் வைச்சனீரெல்லே?”

“ஆடு கூப்பிட்டா வரும் அக்கா. மாவட்டம் வருமோ?”

மறுநாளே வந்துவிட்டது.

கோசலை விலைச்சீட்டுகளில் பெயரெழுதி எல்லைக்கு எல்லை தட்டுகளில் ஒட்டினாள். அப்தி கடலிலிருந்து வெட்டவெளிவரை ஆடுகளை ஓட்டி நடந்தான். நடந்த பெயர்கள் மறக்கவில்லை. புறநகரான லெ பிளாங்-மெனிலிலிருந்து சாமான் வாங்க வந்தவர்கள் செருப்பில் புகுந்த மணலைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஆடுகள் கறிவேப்பிலையைத் தின்றது பற்றி மட்டும் முறைப்பாடு இருந்தது.

விசாரணையில் அப்தி கண்ணை மூடிக்கொண்டு மீன் பெட்டியிலிருந்து நடக்கத் தொடங்கினான். கேள்வி கேட்டவர்கள் களைத்துப்போனார்கள், அவன் களைக்கவில்லை. மூன்று கிழமையில் கடிதம் வந்தது. கோசலை அதை இரண்டுதரம் வாசித்தாள். மூன்றாம் தரம் எல் அப்வெய்ன் வெளியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். அப்தி அழுதான், பிறகு அவனும் சிரித்தான்.

“இனி இது எதுக்கு அக்கா, இடத்தை அடைச்சுக்கொண்டு? போகச் சொல்லட்டோ?”

“கிடக்கட்டும் தம்பி. என்ர விசாரணையிலை யாழ்ப்பாணத்துப் பிரதேசப் பிரிவெல்லாம் ஒண்டும் விடாமல் ஒப்புவிச்சனான். அதிலை பாதியை நான் கண்ணாலையும் கண்டதில்லை. இதையாவது முழுசா நடந்து பாக்கிறன்.”