றொஸ் வீட்டுப் பெண்கள்

ஒரு பொய்க்குத் தவணை சொல்லவேண்டி வந்தால் நீங்கள் எந்த நாளைச் சொல்வீர்கள்? அடுத்த மாதம் என்றால் அடுத்த மாதம் வந்து தொலையும். பொங்கல் என்றால் அதுவும் வந்துவிடும். அமிர்தநாதர் யோசித்துப் பார்த்து, வரவே வராத ஒரு நாளாகச் சொன்னார்.

"சண்டை முடிய வருவா அக்கா."

அது 2008ஆம் ஆண்டு, குளிர் தொடங்கப்போகும் நேரம். கனடாவில், வோபர்ன் பக்கம் கமலாம்பிகையின் வீட்டு பேஸ்மென்டை வாடகைக்குப் பார்க்கப் போயிருந்தார். ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. பிஸ்கட் பக்டரியில் பொதி கட்டும் வேலை. போன வீடெல்லாம் "குடும்பகாரருக்குத்தான்" என்று கதவைச் சாத்தியிருந்தது. தனி ஆம்பிளை குடிப்பான், கூட்டாளிமாரைச் சேர்ப்பான், கருவாடு பொரிப்பான். கருவாடு மட்டும் உண்மை.

கமலாம்பிகைக்கு மறுக்க வேறொரு காரணமும் இருந்தது. அவர் புருஷனை இழந்தவர். புருஷனின் தங்கை மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் இருந்தாள். மேலே விதவை, கீழே தனி ஆம்பிளை என்று அந்த மச்சாளுக்குத் தெரிந்தால், கதை காரில் ஏறாமலே மொன்றியல் போய்ச் சேர்ந்துவிடும்.

"மனிசி எங்கை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஜேர்மனியில."

சொன்ன வாய்க்குச் சாட்சி வேண்டும். அமிர்தநாதர் செபப் புத்தகத்துக்குள் இருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். படங்கள் பேசத் தொடங்கிய காலத்து ஜேர்மன் நடிகை ஒருத்தியின் தபால் அட்டை. கனடாவுக்கு வருமுன் அவர் ஜேர்மனியில் அகதி முகாமில் கிடந்தவர். அங்கே பழைய சாமான் சந்தையில் இப்படி அட்டைகள் சல்லிக்கு விற்றன. முகாமுக்கு வெளியே எவரும் அவரை நிமிர்ந்து பார்க்காத காலம் அது. அட்டையில் இருந்த பெண்கள் மட்டும் தோளுக்கு மேலால் திரும்பி அவரையே பார்த்தார்கள். வாங்கி வாங்கி ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைந்துவிட்டது.

கமலாம்பிகை அட்டையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"கறுப்பு வெள்ளையாக் கிடக்கு?"

"ஜேர்மன்காரர் சிக்கனம் அக்கா. கலர் வீண்செலவு எண்டுவினம்."

"புருவத்தைக் காணேல்லை."

"அங்கத்தைய ஸ்ரைல்."

படத்தின் அடியில் பெயர் இருந்தது, ஹெர்த்தா. மூலையில் ஓர் இலக்கம். அதன் பக்கத்தில் இன்னொரு சொல். கண்ணாடியை இறக்கிவிட்டு அதை எழுத்துக்கூட்டினார் கமலாம்பிகை. "ஆர், ஓ, எஸ், எஸ். றொஸ். தகப்பன்ர பேரோ?"

அது அட்டையை அச்சடித்த கொம்பனியின் பெயர். ஆனால் எங்கள் ஆட்களுக்கு, ஒரு பெயரோடு இன்னொரு பெயர் நின்றால் அது தகப்பன் பெயர்தான். வேறு என்னவாக இருக்கும்?

"ஓம். மாமாவின்ர பேர்."

"எப்ப வருவா?"

அப்போதுதான் அவர் அந்தத் தவணையைச் சொன்னார். ஊரில் இருபத்தைந்து வருசமாக முடியாத சண்டை. தன் காலத்தில் முடியாது என்ற நம்பிக்கை.

"ஜேர்மனியில சண்டை இல்லையே?"

"கலியாணச் சாப்பாடு யாழ்ப்பாணத்தில எண்டு வாக்குக் குடுத்திட்டன். சண்டை முடிஞ்சு அதைத் தருமட்டும் உங்கட வீட்டுப் படி மிதிக்கமாட்டன் எண்டு நிக்கிறா."

கமலாம்பிகை அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "என்ர தம்பி வாகீசனும் வன்னியில இருந்து உதைத்தான் சொல்லுறவன். சண்டை முடிய வாறன் அக்கா எண்டு." பிறகு பேஸ்மென்ட் கதவுத் திறப்பை எடுத்து நீட்டினார்.

அந்த மாரி முழுக்க மேலே ரீவி ஓய்வில்லாமல் ஓடியது. சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் சனம் கைகோத்து நின்றபோது அவர்களும் போய் நின்றார்கள். கமலாம்பிகை பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்வார்: "இவற்ற மனிசி ஜேர்மன்காரி. சண்டை முடிய வாறா." சனம் அமிர்தநாதரை இரக்கத்தோடு பார்க்கும். அவர் பதாகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வார்.

மே மாதம் சண்டை முடிந்தது.

ரீவி நின்றது. வாகீசனிடமிருந்து போன் வரவில்லை. அமிர்தநாதர் கருவாடு பொரிப்பதை விட்டார். சோறும் பருப்பும் காய்ச்சி மேலே கொண்டுபோய் வைப்பார், பாதி அப்படியே திரும்பி வரும். அந்த நாட்களில் தன் பொய்யை அவர் மறந்தே போனார்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. வீட்டுக்குள்ளேயே கிடந்து காய்கிறாவே என்று மார்க்கத்து மச்சாள் வந்து, பூச்சாடி வாங்கலாம் என்று கமலாம்பிகையைப் பழைய சாமான் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்னேரம் கமலாம்பிகை மேலே நிலத்தைக் காலால் தட்டினார். வாரும் என்று அர்த்தம்.

அமிர்தநாதர் ஏறிப் போனார். மேசையில் முந்நூற்றுநாலு சீட்டு விளையாடுவதுபோல அட்டைகள் பரவியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

"இரும்."

இருந்தார்.

"சந்தையில ஒரு பெட்டிக்குள்ள உம்மட மனிசி மூண்டு தரம் கிடந்தா. தெரிஞ்ச ஆளை விட்டிட்டு வரேலுமே?" மூன்று ஹெர்த்தாக்களையும் வரிசையாக வைத்தார். "இது எல்சா. தகப்பன் பேர் றொஸ். இது தொறோத்தியா. றொஸ். உது அன்னலீசா. அவவும் றொஸ். எல்லாரும் உமக்கு மச்சாள்மார். வாங்கோ எண்டு சொல்லுமன்."

"அக்கா..."

"அந்த மனிசனுக்கு எத்தினை பெட்டையள் அப்பா! பேர் மறந்துபோகுமெண்டு இலக்கமெல்லோ போட்டு வைச்சிருக்கிறார். உவ ஆறாயிரத்துச் சொச்சம். இவ்வளவு பேருக்கும் சீதனம் குடுக்க ஜேர்மனி காணுமே?"

அமிர்தநாதருக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சிரியாதையும். கடைக்காரன் எல்லாம் சொன்னவன். உம்மட மனிசிக்கு இப்ப நூறு வயசு வரும். அதுதான் வரப் பஞ்சிப்படுறா."

"மச்சாளுக்கும் தெரியுமோ?"

"அவ பூச்சாடிக்காரனோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டவ."

"இந்தக் கிழமையே வேற இடம் பாக்கிறன் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கமலாம்பிகை அட்டைகளைக் கூட்டி அடுக்கினார். விளையாட்டு முகம் போய்விட்டது.

"சண்டை முடிய எண்டனீர். முடிஞ்சிட்டுது."

"ஓம்."

"தம்பியும் அப்பிடித்தான் சொன்னவன்." அடுக்கை மேசையில் தட்டி விளிம்பை நேராக்கினார். "ஆராவது ஒராள் சொன்ன சொல்லுக்கு வரவேணும்."

அமிர்தநாதருக்கு அது விளங்கவில்லை. கீழே போய் சூட்கேசை இழுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினார். சப்பாத்துப் பெட்டியைக் கடைசியில் வைத்தார். அப்போது ஹீற்றர் காற்று வரும் ஓட்டைக்குள்ளால் கமலாம்பிகையின் குரல் கேட்டது. மார்க்கத்துக்குப் போன்.

"ஓம் மச்சாள், வந்திட்டா. நாங்கள் சந்தையில நிக்கேக்கதான் வந்தவவாம்... நிறமோ? கறுப்புமில்லை வெள்ளையுமில்லை, ரெண்டும் கலந்த ஒரு நிறம்... மெலிஞ்ச ஆள். மெலிஞ்சதெண்டா உனக்குச் சொல்லி வேலையில்லை, மட்டை மாதிரி... இல்லையில்லை, நீ வந்தாலும் கதைக்கமாட்டா. எங்கட சனம் மாதிரி அவவுக்கு வாயில்லை."

அமிர்தநாதர் கையில் பிடித்த சேட்டோடு அப்படியே நின்றார்.

மறுநாள் காலை பேஸ்மென்ட் படியில் இரண்டு கோப்பை தேத்தண்ணி மூடி வைத்திருந்தது. அமிர்தநாதர் இரண்டையும் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.