மாப்பிள்ளை போட்ட பெஞ்சு

ஹால்வர் ஸ்காருக்குத் தன் மாப்பிள்ளை என்றாலே இளப்பம். டெவின் சியாட்டிலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்தவன். மொன்டானாவுக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அப்படிப்பட்டவன், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டா செய்யத் தன் கார் கொட்டகையில் பெஞ்சு போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும், மனிதர் வாயிலிருந்த முட்டை தெறிக்கச் சிரித்தார். முப்பத்தெட்டு வருஷமாக வீட்டு நிலவறையில் அதையே செய்கிறவர் அவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் யோசனை கேட்பார்கள். கேட்காத பாதிப் பேருக்கு அவரே வலியப் போய்ச் சொல்வார்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் எல்க் மான் வேட்டை சனிக்கிழமை தொடங்குகிறது. ஒன்பது வருஷம் விண்ணப்பம் போட்டு, இந்த வருஷம்தான் மகள் மார்னிக்குக் குலுக்கலில் ஆண் மானுக்கு அனுமதி விழுந்திருந்தது. அவள் துப்பாக்கியில் யார் செய்த தோட்டா போவது? ஹால்வர் திங்கட்கிழமையே இருபது செய்து கொடுத்துவிட்டார். டெவினும் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தான். மார்னி எதை எடுக்கப்போகிறேன் என்று வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் தோட்டா போனால் அப்புறம் காபிக் கடையில் எந்த முகத்தோடு உட்காருவது?

வெள்ளிக்கிழமை மத்தியானம், பாதி தீர்ந்த மருந்து டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டில் போய் இறங்கினார். பரிசு என்று பேர். கேலி செய்ய வந்தார் என்பதே நிஜம்.

கொட்டகை பளபளவென்றிருந்தது. சுவரோடு சேர்த்து முடுக்கிய கனத்த பலகை, மேலே வெள்ளை விளக்கு, இழுப்பறை ஒவ்வொன்றிலும் சீட்டு, ஓரத்தில் தீயணைக்கும் உருளை.

"என்ன மாப்பிள்ளை, இது தோட்டா பண்ற இடமா, பல் டாக்டர் ஆஸ்பத்திரியா? சாஞ்சு உக்காந்தா பல்லப் புடுங்கிருவ போலருக்கே!"

"வாங்க மாமா. பெஞ்சு ஆடிச்சுன்னா மருந்து அளவு மாறும்னாங்க. அதான் சுவத்துக் கட்டையோட போல்ட்டு போட்டுட்டேன்."

"ஆடாம இருக்க இது என்ன கப்பலா? சரி, தராசு ரெண்டு எதுக்கு? புருஷனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணா?"

"ஒண்ணு காட்டுறத இன்னொண்ணுல சரிபாக்க."

"என்னோடது முப்பத்தெட்டு வருஷமா ஒண்டியாத்தான் இருக்கு. ஒரு நாள் பொய் சொன்னதில்ல."

அவருடைய பெஞ்சின் லட்சணம் ஊருக்கே தெரியும். ரெண்டு பீப்பாய் மேல் கிடத்திய பழைய கதவு. அதன் மேல் ரேடியோ, சிகரெட் சாம்பல், தூண்டில் நூல், எப்போதோ தின்ற சாண்ட்விச்சின் காகிதம். அதை அனுபவம் என்று சொல்லிக்கொள்வார்.

டப்பாவை நீட்டினார். டெவின் வாங்கி, பெஞ்சில் வைக்காமல் வாசலோரம் தரையில் வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. இன்னொருத்தர் பெஞ்சுல திறந்த டப்பாவ நான் தொடுறதில்ல."

"இன்னொருத்தரா? நானா? நீ பொம்மைத் துப்பாக்கி வெச்சு விளையாடுனப்ப நான் மான் சுட்டவன்டா! டப்பா மேல பேரு இருக்கே, எழுத்துக் கூட்டிப் படிக்க வராதா?"

சத்தம் கேட்டு மார்னி வந்தாள். வேட்டைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த கையோடு நின்று ரெண்டு பேரையும் முறைத்தாள்.

"டெவின், அப்பா இதுன்னு சொன்னா இதுதான். இதுக்குப் போய் எதுக்கு ரகளை? இந்தா பாரு."

டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி மருந்தை வெள்ளைத் தட்டில் கொட்டினாள். கொட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கத்தரித்த நூல் மாதிரிக் குச்சி குச்சியாகக் கறுப்பு மருந்து. அது நீளத் துப்பாக்கிக்கு, மெதுவாக எரியும். அதன் நடுவே மெல்லிய வட்டத் தகடுகளாக வேறொன்று. அது கைத்துப்பாக்கிக்கு, பற்றியவுடன் எரிந்து தீரும். ரெண்டும் கலந்து நீளத் துப்பாக்கியில் போனால், கன்னத்தை ஒட்டி வைத்திருக்கும் இரும்பே வெடித்துச் சிதறும்.

ஹால்வருக்கு அப்போதுதான் உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஃபுட்பால் ஓடியது. கைத்துப்பாக்கித் தோட்டா செய்து முடித்து, அளக்கும் குழலில் மிச்சமிருந்த மருந்தை டப்பாவில் திருப்பிக் கொட்டினார். பெஞ்சில் ரெண்டு டப்பாவும் வாய் திறந்து கிடந்தன. எதில் கொட்டினோம் என்று அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இதே காரியத்தைச் செய்த ஒருவனைக் காபிக் கடையில் வைத்துக் கழுதை என்று திட்டியவரும் அவர்தான்.

"அப்பா, எனக்குக் குடுத்த இருபதும் எதுல பண்ணீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்குக் கேவலமான ஆள் இல்லை.

"இதுலதான்மா."

மார்னி உள்ளே போய் அவர் கொடுத்த பெட்டியை எடுத்து வந்து பெஞ்சில் வைத்தாள்.

"குடு, வீட்டுல கொண்டுபோய்ப் பிரிச்சுக்கிறேன்."

"வேணாம். இங்கயே, என் கண்ணு முன்னால பிரிங்க."

டெவின் தோட்டா பிரிக்கும் சுத்தியலை நீட்டினான். அவன் ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது ஹால்வருக்கு. முதல் தோட்டாவை அதன் தலைக்குள் சொருகி ஓங்கித் தட்டினார். தட்டில் கொட்டிய மருந்தில் தகடுகள் கலந்திருந்தன. ரெண்டாவதில் இன்னும் அதிகம். மூன்றாவதை எடுக்கும்போது பெட்டியில் மிச்சத்தை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"மார்னி, இதுல ஒண்ணு குறையுதே?"

"புதன்கிழமை சுட்டுப் பாத்தேன்."

"எதை?"

"இதுல ஒண்ணைத்தான். குறி சரியா இருக்கான்னு பாக்க." அவள் சட்டைக் காலரை விலக்கினாள். தோள்பட்டை கருநீலமாகக் கன்றியிருந்தது. "பேய் மாதிரி உதைச்சுது. துப்பாக்கிப் பூட்டு இறுகிப்போய் உள்ளங்கையால அடிச்சுத்தான் திறந்தேன். அதோட நிறுத்திட்டேன்."

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"எனக்குத்தான் சரியாப் பிடிக்கத் தெரியலைன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்க."

ஹால்வர் கையிலிருந்த தோட்டாவைப் பெஞ்சில் வைத்தார். அதைத் திரும்ப எடுக்க அவருக்குக் கை வரவில்லை. மிச்சத்தை டெவின்தான் பிரித்தான்.