கெட்டுப்போகாத க்ரீம்

பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண் கைக்குட்டையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கடை வாசலில் வந்து நின்ற அன்றுதான் அந்தக் குடும்பத்தின் நிம்மதி போயிற்று.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஒரு மேசை, ஒரு கண்ணாடி அலமாரி. பின்னால், முன்பு யாரோ டயர் அடுக்கி வைத்திருந்த நீளமான அறை. அந்த அறையில்தான் அவர்களுடைய முக க்ரீம் தயாராயிற்று. தயாரிப்பவளை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். கம்பெனியைத் தொடங்கிய நாத்தனார் அப்படிக் கூப்பிட, கேட்டுக் கேட்டு ஜாடி நிரப்பும் பெண்களுக்கும் அதுவே பழகிவிட்டது. அவளைவிட இரண்டு மடங்கு வயதான காவலாளிகூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

அண்ணி வேதியியல் படித்தவள். மருந்து கம்பெனியில் இருந்தவளை, "வெளியாளுக்கு உழைக்கறதை நமக்கே உழைங்க அண்ணி" என்று சொல்லி நாத்தனார்தான் இழுத்து வந்தாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு உட்கார நேரமில்லை. எண்ணெயைக் காய்ச்சுவது, கற்றாழைச் சாற்றை வடிப்பது, கலப்பது, ஆறவைப்பது, கடைசியில் அந்தப் பெரிய எஃகுப் பாத்திரத்துக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நாத்தனார் கேமரா முன்னால் நின்று, "ஒரு துளி ரசாயனம் கிடையாது, பசிச்சா எடுத்துச் சாப்பிடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கம்பெனிக்கு என் தங்கை முகம், என் பெண்டாட்டி முதுகு என்று அண்ணியின் கணவர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். அந்த முதுகு வலிக்கிறதா என்று அவரும் கேட்டதில்லை.

வேன் ஓட்டும் பெண் கைக்குட்டையை எடுத்தாள். இமை வீங்கிக் கண் கோடாகியிருந்தது. பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடியின் உட்புறத்தில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள்.

"என்னம்மா போட்டேன்னு டாக்டர் கேட்டாரு. இயற்கையானதுதான் போட்டேன்னு சொன்னேன். அவர் சிரிச்சாரு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "ஒரு வாரமா வண்டி எடுக்கல. வேற ஆளைப் போட்டுட்டாங்க."

அண்ணி ஜாடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டாள். வைத்தியச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, மறுபடி கண்ணைப் பொத்திக்கொண்டு போனாள்.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் ஜாடிகள் திரும்பி வந்தன. எல்லாம் ஒரே மாதத்தில் செய்தவை. கழுவியதில் குறையா, தண்ணீரில் குறையா என்று அண்ணி ஒவ்வொன்றாக யோசித்தாள். எதுவும் புதிதில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். க்ரீம் கெடாமல் இருக்க அவர்கள் சேர்த்தது எலுமிச்சை விதைச் சாறு. வழக்கமாகக் கொடுக்கும் கம்பெனியில் அந்த மாதம் சரக்கு இல்லை என்றதால், வேறொரு சிறிய இடத்தில் வாங்கியிருந்தார்கள். அங்கே விதையை அவர்கள் கண்ணெதிரிலேயே பிழிந்து கொடுத்தார்கள். கலப்படம் இல்லாத சரக்கு என்று நாத்தனாருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அண்ணி ஒரு வேலை செய்தாள். இரண்டு தட்டுகளில் கெட்டுப்போன க்ரீமைத் தடவி, ஒன்றில் புதுச் சாற்றையும், மற்றதில் வழக்கமான கம்பெனி அனுப்பிய பீப்பாயின் அடியில் மிச்சமிருந்த பழைய சாற்றையும் விட்டு மூடி வைத்தாள். சில நாட்களில், புதுச் சாறு விட்ட தட்டில் பூசணம் பச்சைக் கம்பளி விரித்திருந்தது. பழைய சாறு விட்ட தட்டு துடைத்து வைத்ததுபோல இருந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வெறும் விதைச் சாறு எதையும் காப்பாற்றவில்லை. அப்படியானால் இத்தனை வருஷமாகக் காப்பாற்றியது அந்தச் சாற்றுக்குள் இருந்த வேறு ஏதோ ஒன்று.

மறுநாள் அண்ணியும் நாத்தனாரும் பழைய சாற்றைக் கொடுத்த கம்பெனிக்குப் போனார்கள். விற்பனை மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். குளிர்ந்த அறை, கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர். அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை.

"மேடம், நீங்க எங்ககிட்ட என்ன கேட்டீங்க? இயற்கையா இருக்கணும், கெட்டும் போகக்கூடாது. ரெண்டும் குடுத்தோமே."

"உள்ள என்ன சேர்க்கறீங்க?" என்றாள் அண்ணி.

"பிழியும்போது கொஞ்சம் சேரும். கெடாம இருக்கறதுக்கு எல்லாக் கம்பெனியும் போடறதுதான். நீங்க போட்டா ரசாயனம், விதையோட வந்தா இயற்கை. அவ்வளவுதான் வித்தியாசம்."

"எவ்வளவு சேரும்?"

"அது ஒவ்வொரு பீப்பாய்க்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்." அவர் டீ வரவழைக்கட்டுமா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது நாத்தனார்தான் கார் ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது, முன்னால் இருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?" என்றாள்.

"தெரியாது."

"சந்தேகம்கூட வந்ததில்லையா?"

"முதல் வருஷம் ஒருதரம் வந்துச்சு. ஒரு விதைச் சாறு இவ்வளவு சமத்தா வேலை செய்யுமான்னு. அப்புறம் தலைக்கு மேல வேலை. விட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ காதுல வாங்கியிருப்பியா?"

பச்சை விளக்கு விழுந்தது. நாத்தனார் வண்டியை எடுத்தாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் நாத்தனார் தன் முடிவைச் சொன்னாள். பழைய சாற்றையே மறுபடி வாங்கிவிடலாம். விற்றவர்கள் இயற்கை என்று எழுதித்தானே கொடுக்கிறார்கள், பொய் அவர்களுடையது, நம்முடையது இல்லை. அண்ணியின் கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, "அவ சொல்றதும் ஒரு வகையில சரிதானே, இவ்வளவு நாள் யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அவருக்குத் தங்கையும் வேண்டும், பெண்டாட்டியும் வேண்டும், இரண்டு பேரும் சண்டை போடாமல் இருக்கவும் வேண்டும்.

அண்ணி சாப்பிட்டு முடித்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, நின்றபடியே பேசினாள்.

"எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். சாறு விக்கிறவங்க உள்ள சேர்க்கற மருந்தைப் பார்த்து நான் பயப்படல. இத்தனை வருஷமா அதுதான் ஜனங்க முகத்தைக் காப்பாத்தியிருக்கு. ஆனா அந்தச் சாத்துல எவ்வளவு இருக்குன்னு விக்கிற ஆளுக்கே தெரியல. அதையே நாம நேரா வாங்கி, அளந்து போடலாம். பேரை ஜாடி மேல போட்டுடு. அளவு தெரியாததை இனிமே என் கையால கலக்க மாட்டேன்."

"அப்ப இத்தனை வருஷமா நான் கேமரா முன்னாடி நின்னு சொன்னது?"

"நம்பித்தானே சொன்னே."

நாத்தனார் எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு சில நாட்கள் கடைப்பக்கமே வரவில்லை. வியாபாரம் நின்றிருந்தது. ஜாடி நிரப்பும் பெண்கள் ஏற்கெனவே பளபளப்பாக இருந்த அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கணவர், "நீயே போய் ஒரு வார்த்தை பேசேன்" என்றார். அண்ணி போகவில்லை. பிடிவாதம் என்று அவர் நினைத்தார். உண்மையில் அவளுக்குப் பேசி அலுத்துவிட்டது.

ஒரு மத்தியானம் நாத்தனார் தானாகவே வந்தாள். ஒப்பனை இல்லை, தலையை வாரி முடிந்திருந்தாள். பின்னறைக்கு வந்து பாத்திரத்தின் விளிம்பில் சாய்ந்து நின்றாள்.

"அந்த வேன் ஓட்டற பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன் அண்ணி."

"கண்ணு எப்படி இருக்கு?"

"தேவலை. வீக்கம் வடிஞ்சிருக்கு. திட்டுவான்னு நினைச்சுப் போனேன். திட்டல. இப்ப நான் எதைத்தான் போடறது, நீங்களே சொல்லுங்கன்னு கேட்டா." நாத்தனார் தரையைப் பார்த்தாள். "எனக்கு வாய் வரல. நம்ம க்ரீமைப் போடுன்னு சொல்லவும் முடியல, போடாதேன்னு சொல்லவும் முடியல. நம்பிச் சொன்னேன்னு நீங்க சொன்னீங்க. நம்பிச் சொன்னா மட்டும் அவ கண்ணு சரியாயிடுமா?"

அண்ணி ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள். அவள் உட்கார்ந்தாள். "அந்த மருந்து பேரு என்ன? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க. புது ஜாடிக்கு வேணும்" என்றாள்.

நடந்ததை நாத்தனார் ஒளிக்காமல் கேமரா முன்னால் சொன்னாள். நடுவில் மருந்தின் பெயரை உச்சரிக்கத் தடுமாறினாள். அதை வெட்டி எடுக்கவும் இல்லை. நேர்மையைப் பாராட்டிப் பல பேர் எழுதினார்கள். பாராட்டியவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு க்ரீம் வாங்கவில்லை. பெரிய கடைக்காரர் ஒருவர், இயற்கைப் பொருள் அலமாரியில் இனி இடம் தர முடியாது என்று சொல்லிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். ஜாடி நிரப்பும் பெண்களில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் போகும்போது, "வரோம் அண்ணி" என்று சொன்ன விதம் அண்ணியைப் பல நாள் தூங்கவிடவில்லை. தப்புப் பண்ணியபோது எல்லோருக்கும் வேலை இருந்தது, சரிப்படுத்தியபோது இல்லாமல் போய்விட்டதே என்று கணவரிடம் சொன்னாள். அவர் அவள் தோளைப் பிடித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் விற்பனை மேலாளரிடமிருந்து ஃபோன் வந்தது. நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க நிறுத்தினதுல எங்களுக்கு நஷ்டம் இல்ல மேடம். பக்கத்து ஊர்ல ஒரு கம்பெனி, ஒரு துளி ரசாயனம் இல்லன்னு விக்கறாங்களே, அவங்க இப்ப எங்ககிட்ட டபுளா வாங்கறாங்க. உங்க கஸ்டமர்ங்கதான் அங்க போயிருக்காங்கபோல. மனசு மாறினா சொல்லுங்க, பழைய விலைக்கே தரேன்."

அண்ணி ஃபோனை வைத்துவிட்டு நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணிக்கும் தொற்றிக்கொண்டது. மிச்சமிருந்த ஒரே பெண் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சிரித்து முடித்தபோது இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"அவங்களுக்குச் சொல்லிடலாமா அண்ணி? அவங்களும் நம்பித்தான் வாங்கறாங்களோ என்னவோ."

"சொல்லு. சொல்லாம இருக்கக்கூடாது. ஆனா நன்றி வரும்னு எதிர்பார்க்காதே."

நாத்தனார் அன்றே அந்தக் கம்பெனிக்காரியைக் கூப்பிட்டுப் பேசினாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், எங்களுக்கு இயற்கைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க, நீங்க உங்க வேலையைப் பாருங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். சில மாதம் முன்பு நாத்தனாரும் அதையேதான் சொல்லியிருந்தாள். அதனால் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

இப்போது வாரத்துக்கு ஒரு பாத்திரம் க்ரீம்தான் செய்கிறார்கள். வாங்குபவர்கள் குறைவு, வாங்குகிறவர்கள் ஜாடியின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டு, கேள்வி கேட்டுவிட்டு வாங்குகிறார்கள். நாத்தனார் முதல் முறையாக ஜாடி நிரப்பக் கற்றுக்கொண்டாள். மேசையெல்லாம் சிந்துகிறாள். அண்ணி துணியை அவள் பக்கம் நகர்த்திவிடுகிறாள். மதியத்துக்குள் நிரப்பி முடித்தால்தான் பாத்திரத்தில் ஒட்டியிருப்பது காய்வதற்குள் தேய்க்க முடியும். ஒருநாள் அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்க்கக் குனிந்தபோது, நாத்தனார் ஒரு கையால் அவளை விலக்கிவிட்டுத் தானே உள்ளே தலையை நுழைத்தாள்.