காணாக்கடிப் பத்தியம்

செல்லக்கிளிக்கு மறுபடியும் உடம்பு தடித்துவிட்டது. கழுத்திலிருந்து முழங்கை வரை சிவந்து, திட்டுத்திட்டாக, சொறியச் சொறியப் பரவியது. எம்.ரெட்டியபட்டியில் இதற்கு ஒரே பெயர்தான்: காணாக்கடி. கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்த விஷம். வைத்தியமும் ஒன்றுதான்: பத்து நாள் பத்தியம். உப்பு கூடாது, புளி கூடாது, கருவாட்டை மோந்து பார்க்கவும் கூடாது. ஊர் எல்லை தாண்டவே கூடாது.

அந்தக் கடைசி விதிதான் அவளைக் கொதிக்க வைத்தது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அருப்புக்கோட்டை யூனியன் ஆபீஸில் கிளார்க்காகச் சேர வேண்டும். தவறினால் வேலை அடுத்தவருக்கு. பருத்திக் காட்டைத் தவிர வேறெதுவும் அறியாத குடும்பத்தில் முதல் பி.ஏ. அவள்.

“உடம்புதான முதல்ல. பொட்டச்சி சம்பாதிச்சுத்தானா உலை கொதிக்கப் போகுது?” என்றாள் அத்தை அழகுத்தாய். அப்பா தனுஷ்கோடிக்கு அக்கா. தன் மகன் சண்முகவேலுக்குச் செல்லக்கிளியைக் கேட்டு, பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி ஏறி வருகிறவள்.

வைத்தியர் ராமசுப்பு வந்து சிறியாநங்கை இலையை நீட்டினார். “மெல்லு தாயி. விஷம் ஏறியிருந்தா இனிக்கும். இல்லாட்டி கசக்கும்.”

மென்றாள். அடிநாக்கு வரை கசந்தது.

“கசக்குது.”

“பத்தியத்துக்குப் பயந்து பொய் சொல்றா!” என்றாள் அத்தை.

“அப்ப நீங்க மென்னு பாருங்க,” என்றாள் செல்லக்கிளி. அத்தை வாயில் போட்ட வேகத்தில் வாசலுக்கு ஓடித் துப்பினாள். “எனக்கும் இதே கசப்புதான்.”

செல்லக்கிளி அப்பாவைப் பார்த்தாள். “ஆடியில அத்தை பொண்ணு கேட்டு வந்தன்னைக்குத் தடிச்சுது. ஆவணியில நாள் குறிக்க வந்தன்னைக்கும் தடிச்சுது. இன்னைக்கும் வந்திருக்காக, தடிச்சிருக்கு. காலேஜ்ல பரீட்சையப்பவும் இதே கததான். பூச்சி என்ன, பரீட்சை எழுதவா வந்துச்சு? டாக்டரம்மா அப்பவே சொன்னாக, மனசுல போட்டு அமுக்குறதெல்லாம் தோல்ல வந்து நிக்குதுன்னு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல, உடம்பு சொல்லிருச்சு. இப்ப வாயாலயே சொல்றேன். சண்முகவேல் மச்சான் எனக்கு வேணாம். வேலைக்குப் போறேன்.”

“பாத்தியாடா தம்பி இவ வாய!”

தனுஷ்கோடி வைத்தியரைப் பார்த்தார். ராமசுப்பு மீதி இலையை மடியில் முடிந்துகொண்டார். “கசக்குதுன்னா விஷம் இல்ல. இல்லாத விஷத்துக்கு நான் பத்தியம் சொன்னா, நாளப்பின்ன எவன் என்கிட்ட வருவான்?”

அப்பா மகளின் கையிலிருந்த தடிப்பைத் தொட்டுப் பார்த்தார். “போயிட்டு வா தாயி,” என்றார். “அக்கா, பொண்ணு பேச்ச இத்தோட விட்டுரு.”

அன்று மாலை செல்லக்கிளி தானே கருவாட்டுக் குழம்பு வைத்து மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள். கை கழுவும்போது பார்த்தாள்: திட்டுகள் அடங்கியிருந்தன.

அத்தை கிளம்பவில்லை. கருவாடு வேலையைக் காட்டும் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் காத்திருந்தாள். திங்கட்கிழமை இருவருக்கும் ஒரே பஸ்ஸு, ஒரே சீட்டு. எல்லைக் கல் தாண்டியது. அத்தையின் கண் அவள் கையை விட்டு நகரவில்லை. அத்தனை நெருக்கத்தில், அத்தனை முறைப்பில், ஒரு பொட்டுக்கூடத் தடிக்கவில்லை.

அருப்புக்கோட்டையில் இறங்குமுன் செல்லக்கிளி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். “நல்லாப் பாத்துக்கிடுங்க அத்தை. ஊருக்குப் போய்ச் சொல்லணும்ல?”

ஆபீஸ் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவள்தான் முதல் ஆள்.