சட்டை மடிப்பில் ஈயம்

மருத்துவிச்சி கமலாதேவி தராசை வேப்பங்கிளையில் கொளுவியபோது, மரியநாயகியின் கை தானாகவே சேலைத் தலைப்பின் முடிச்சைத் தேடிப் போனது. முடிச்சுக்குள் ஈயமணிகள் இருந்தன. வீச்சுவலையின் விளிம்பில் கோர்க்கிற மணிகள்.

நாலு மாதத்துக்கு முன், எண்பத்தொன்பது ஆவணியில், இதே வேம்பின் கீழ்தான் நாரந்தனை ஊர்ப் பிள்ளைகளை முதன்முதலாகத் தராசில் நிறுத்தார்கள். நிறை அட்டையின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முதல்நாளே கதை பரவியிருந்தது. வழியெல்லாம் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றி. புருஷன் இராசநாயகம் கடலில். வீட்டில் இன்னும் இரண்டு சிறிசுகள். மரியநாயகி பழைய வலையிலிருந்து ஈயத்தை உருவி, இரண்டு வயது மாக்கிறேற்றின் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். வலை தைத்த கைக்கு அது ஒரு வேலையா? முள் எட்டுக் கிலோ அறுநூறில் நின்றது. கோட்டுக்கு மேலே.

அன்று மற்றப் பிள்ளைகளின் குறைந்த நிறையைக் கேட்டுவிட்டு, புகையிலைக் கமக்காரர் ஆழ்வாப்பிள்ளையர் தன் நல்ல தண்ணிக் கிணற்றையும் அதையொட்டிய தறைக் காணியையும் பெண்களுக்குத் தோட்டம் செய்யக் கொடுத்தார். மார்கழி வரைக்கும்தான். அதற்குள் பிள்ளைகள் எல்லாரும் நிறை கூடியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வழக்கம்போலப் புகையிலை நடுவேன் என்று சொல்லியிருந்தார். சொன்ன சொல்லில் இறுக்கமாக நிற்கிற மனுசன்.

அன்றிலிருந்து மரியநாயகிக்கு நித்திரை நித்திரையாக இல்லை. கடற்கரைப் பெண்கள் மண்வெட்டி பிடிக்கப் பழகினார்கள். கமக்காரப் பெண்கள் கிணற்றில் துலா மிதிக்கையில் இவர்கள் வாய்க்கால் திருப்பினார்கள். முளைக்கீரை வந்தது, பயற்றங்காய் வந்தது, பூசணி வேலியில் ஏறியது. கீரையைக் கண்டால் துப்புகிற மாக்கிறேற், மீன் சொதியில் முருங்கையிலை போட்டால் கோப்பையை நக்கினாள். ஆனாலும் நடுவில் நிறுக்கிற நாட்களில் மரியநாயகி ஏதாவது சாட்டுச் சொல்லிப் பிள்ளையை ஒளித்தாள். அந்தப் பொய் நிறையைப் பிள்ளை உண்மையில் தாண்டட்டும் என்று காத்திருந்தாள். இன்று மார்கழிக் கடைசி நிறுவை, ஒளிக்க ஏலாது.

விடிய அந்தப் பழைய சட்டையை எடுத்துப் பார்த்தாள். இன்னொரு முறை ஈயத்தைத் தைத்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தோட்டமும் தப்பும். பிள்ளைக்குச் சட்டையை மாட்டினாள். தலை போனது, கைகள் போகவில்லை. இழுத்தபோது கக்கம் கிழிந்தது. பிள்ளை கிழியும் சத்தம் கேட்டுச் சிரித்தது. மரியநாயகி கிழிந்த சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு மடிப்பில்லாத மெல்லிய சட்டை ஒன்றைப் போட்டு, ஈயத்தைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். எதற்காக முடிந்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஒவ்வொரு பிள்ளையாக ஏறி இறங்கியது. எல்லாரும் கூடியிருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளையர் கதிரையில் இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக மாக்கிறேற். முள் ஆடி நின்றது.

கமலாதேவி அட்டையைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள். "மரியநாயகி, முந்தி எட்டு அறுநூறு. இப்ப எட்டு ஐந்நூறு. பிள்ளைக்குக் காய்ச்சல் வருத்தம் ஏதும் வந்ததோ?"

"நாலு மாசம் கீரை திண்டு நூறு கிராம் குறைஞ்சிருக்கு," என்று ஆழ்வாப்பிள்ளையர் எழும்பினார். "நான் சொன்னது சொன்னதுதான்."

துலாவில் தொங்கிய வாளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மரியநாயகி பாத்திகளைப் பார்த்தாள். பெண்களின் முகங்களைப் பார்க்கத் துணிவில்லை. பிள்ளையை இறக்கி இடுப்பில் வைத்தாள். முடிச்சை அவிழ்த்து, ஈயக் கோர்வையைத் தராசில் கொளுவினாள்.

"அண்டைக்கு இதையும் சேர்த்துத்தான் நிறுத்தனீங்கள்," என்றாள். "சட்டைக்குள்ள வைச்சுத் தைச்சனான்."

முள் எழுநூறில் நின்றது.

கமலாதேவி மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உதட்டைக் கடித்தாள். "அப்ப அண்டைக்கு ஏழு தொளாயிரம். அறுநூறு கிராம் கூடியிருக்கு. இஞ்ச எல்லாரிலும் இவள்தான் கூட."

"என்னை ஏமாத்திப் போட்டீரே, பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளையர். "நிறையில களவு செய்யிறதோ?"

அவருடைய மனைவி சிவக்கொழுந்து கீரைக் கட்டோடு பின்னால் நின்றாள். "இஞ்சருங்கோ, புகையிலைச் சிப்பத்துக்குத் தண்ணி தெளிச்சு நிறுத்த ஆள் கதைக்கிற கதையோ இது? அவள் ஈயம் வைச்சாள், நீங்கள் தண்ணி வைச்சியள். ஈயமாவது காயாது."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பு வேம்பைச் சுற்றி வந்து ஆழ்வாப்பிள்ளையரையும் தொட்டது. அவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி கதிரையில் இருந்தார். புகையிலையை அங்காலத் தெற்குத் தறையில் நடலாம், தோட்டம் இப்படியே கிடக்கட்டும் என்று, யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்துச் சொன்னார்.

மாக்கிறேற் தராசை ஊஞ்சல் என்று நினைத்துவிட்டாள். இன்னொரு முறை ஏற்றச் சொல்லி அழுதாள். கமலாதேவி ஈயத்தைக் கழற்றிவிட்டு அவளைத் திரும்ப ஏற்றினாள். முள் அதே எட்டு ஐந்நூறில் வந்து நின்றது. மரியநாயகி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.